இரண்டாம் குமிழ்

இசைக்கருவிகள் பலவற்றில் ஓசையின் அளவும் ஓசையின் தன்மையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. புல்லாங்குழலை மெல்ல ஊதினால் ஒரு சுவை. அழுத்தி ஊதினால் மற்றொரு சுவை. மின் கித்தாருக்கென அமைந்த வால்வு ஆம்பிளிஃபயரிலும் இவ்வியல்பைக் காணலாம். பின்னிக் கிடக்கும் அவ்விரண்டையும் பிரித்தாள மனிதன் மேற்கொண்ட முயற்சியே ‘மாஸ்டர் வால்யூம்’ எனப்படும் இரண்டாம் குமிழாகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் நகரில் இயங்கிய லியோ ஃபெண்டரின் தொழிற்சாலையில் 1950களின் பிற்பகுதியில் உருவான ‘சேம்ப்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கித்தார் பயில்வோருக்கென அமைந்த சிறு பெட்டி அது. உள்ளே மூன்றே வால்வுகள். ஒன்று மின்னோட்டத்தை நேர்திசையாக்கும். 12ஏஎக்ஸ்7 என்னும் இரண்டாவது, ஒரே கண்ணாடிக் குழாயில் இரு பெருக்கு நிலைகளைக் கொண்டது. 6வி6 என்னும் மூன்றாவது, 8 அங்குல ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றலை வழங்கும். அவ்வாற்றல் ஏறத்தாழ 5 வாட். முகப்பில் இருப்பதோ ஒரே ஒரு வால்யூம் குமிழ்.

அக்குமிழைச் சிறிதளவு திருப்பினால் தெளிந்த ஓசை எழும். மேன்மேலும் திருப்பினால் மின்னலையின் உச்சி வால்வின் எல்லையில் முட்டித் தட்டையாகும். அப்போது மூல ஓசையில் இல்லாத புதிய மேற்சுரங்கள் பிறக்கும். நாதம் தடித்து, கரகரப்பேறி, நெடுநேரம் நிலைத்து நிற்கும். பொறியியலார் இதனைக் குறை என்றனர். இசைஞரோ அழகு என்றனர். இங்கிலாந்தின் ‘தி கிங்க்ஸ்’ குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், 1964இல் வெளிவந்த பாடலொன்றில் இத்தகைய ஓசையைப் பெறும் பொருட்டுத் தம் சிறு ஆம்பிளிஃபயரின் ஒலிபெருக்கித் தாளைச் சவர அலகால் கீறினார். அவ்வளவு வேட்கை அவ்வோசையின்பால் இருந்தது.

5 வாட் என்றதும் அற்பம் என எண்ணத் தோன்றும். ஆனால், செவியின் கணக்கு வேறு. ஆற்றல் பத்து மடங்கு பெருகினால்தான் ஓசை இரு மடங்கானதாகச் செவி உணரும். ஆகவே, 50 வாட் ஆம்பிளிஃபயரின் ஓசையில் ஏறத்தாழப் பாதியை இச்சிறு பெட்டி எழுப்பிவிடும். அடுக்குமாடி வீட்டில், இரவு பத்து மணிக்கு, சுவருக்கு அப்பால் குழந்தை உறங்கும் வேளையில் அது பொறுக்கத்தக்கதன்று. பகலெல்லாம் உழைத்து இரவில் மட்டுமே கித்தாரைத் தொடக் கூடியவர், விரும்பும் நாதத்தைத் துறப்பதா, அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுப்பதா என்னும் நிலைக்கு ஆளாகிறார்.

இங்கேதான் இரண்டாம் குமிழ் உதவ வருகிறது. 12ஏஎக்ஸ்7 வால்விலிருந்து வரும் மின்னலை ஒரு மின்தேக்கியைக் கடந்து 6வி6 வால்வின் கிரிட்டை அடைகிறது. அவ்விடத்தில் 1,000,000 ஓம் அளவுள்ள குமிழொன்றை அமைப்பர். அதன் ஒரு கால் மின்தேக்கிக்கு, மறு கால் தரைக்கு, நடுக்கால் கிரிட்டுக்கு. கிரிட்டிலிருந்து தரைக்குச் செல்லும் பழைய 220,000 ஓம் மின்தடையை நீக்காது விடுவது நலம். குமிழ் தேய்ந்து தொடர்பு அறுந்தாலும் வால்வு கட்டுப்பாடின்றி எரிந்துபோகாமல் அது காக்கும். ஏரி மதகை முழுதும் திறந்துவிட்டு, வயலின் மடையை மட்டும் அளவோடு திறப்பது போன்றது இவ்வேற்பாடு. முதற்குமிழ் முன்நிலையை முட்டச் செய்யும். இரண்டாம் குமிழ் வேண்டிய அளவே வெளியே விடும்.

எனினும், இதற்கு ஒரு விலை உண்டு. சேம்பின் இனிமையில் பெரும்பங்கு 6வி6 வால்வும் ஒலிபெருக்கியும் திணறுவதால் பிறப்பது. மடையை அடைத்தால் அத்திணறலும் அடங்கும். முன்நிலையில் இரண்டே பெருக்கு நிலைகள் இருப்பதால், அங்கே பிறக்கும் கரகரப்பும் மெலிந்ததே. மார்ஷல் நிறுவனம் 1975இல் தன் 100 வாட் ஆம்பிளிஃபயரில் மாஸ்டர் வால்யூமை அமைத்தபோது, பெருக்கு நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து முன்நிலைக்கு வலுவூட்டியது இக்காரணம் பற்றியே. மேலும், தாழ்ந்த ஓசையில் மந்த சுரங்களைச் செவி குறைவாகவே உணரும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933இலேயே அளந்து காட்டினர். ஆகவே, எவ்வளவு திறமையாகச் சுற்றை அமைத்தாலும் இரவின் நாதம் பகலின் நாதத்திற்கு முற்றும் ஒப்பாகாது.

கைவைப்போர் மறக்கலாகாதவை சில உண்டு. பெட்டியினுள் மின்னழுத்தம் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்டது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் பெரிய மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்க வல்லது. தக்க மின்தடை வழியே அதனை வடித்து, மீட்டரால் அளந்து உறுதி செய்த பின்னரே கை உள்ளே செல்ல வேண்டும். பழகாதவர் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே முறை. ஒலிபெருக்கியை இணைக்காமல் இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகக் கூடும். பழம்பெட்டியின் முகப்பில் இட்ட துளையை மீண்டும் மூட இயலாது. கித்தாரைச் செருகும் துளைகள் இரண்டனுள் ஒன்றை அதற்குரிய இணைப்புகளோடு முறையாக விடுவித்து, அவ்விடத்தில் குமிழைப் பொருத்துவது அறிவுடைமை. கழற்றிய உறுப்புகளைப் பையிலிட்டுப் பெட்டியினுள்ளே வைத்தால், பின்வருவோர் பழைய நிலையை மீட்கலாம்.

குமிழை முழுதும் திறந்தால் ஆம்பிளிஃபயர் ஏறத்தாழப் பழையபடியே முழங்கும். விடுமுறைப் பகலில் அம்முழக்கத்தைக் கேட்டு மகிழலாம். எஞ்சிய இரவுகளில் சற்றே குன்றிய நாதத்தோடு நாள்தோறும் அரைமணி நேரம் பயில்பவரின் விரல்கள், முழு நாதத்திற்கெனக் காத்திருப்பவரின் விரல்களை விரைவில் முந்திச் செல்லும். அண்டை வீட்டுக் குழந்தையும் அமைதியாக உறங்கும்.