வேலியோரத்துச் சோளம்

திண்டுக்கல்லுக்கு வெளியே நாங்கள் வீடு கட்டியது 2021-இல். அதற்கான பணத்தில் பெரும்பகுதி, தந்தையார் தம் இரண்டு ஏக்கர் நிலத்தை விற்றுத் தந்தது. அந்நிலத்தில் கோழித்தீவனத்துக்கென மக்காச்சோளம் விளைவித்து எங்களைப் படிக்கவைத்தவர், நிலம் போனபின் எங்களோடு வந்து வாசல் நாற்காலியில் அமர்ந்துகொண்டார்.

வீட்டின் பின்னால் மூன்று சென்டு கொல்லை. முதல் தையில் இனிப்புச் சோள விதையும் முலாம்பழ விதையும் வாங்கி வந்தோம். பார்வைக்கு அழகாய் இருக்கட்டும் என்று சோளத்தை வேலியோரம் ஒரே வரிசையாக ஊன்றினோம். தந்தையாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவர்கள் அல்லவா நாங்கள்! பயிர் ஆளுயரம் வளர்ந்தது. கதிரை உரித்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள். முலாங்கொடியிலோ பூக்கள் உதிர்ந்தன; நின்ற சில பிஞ்சுகளையும் பழ ஈ துளைத்தது. ஆத்திரத்தில் காலைப் பொழுதிலேயே பூச்சிமருந்து தெளித்தோம். தேனீயும் வராமற் போயிற்று.

இரவு உணவின்போது, மண் சரியில்லை என்று சலித்துக்கொண்டோம்.

“மண் நல்ல மண்தான் தம்பி. ஒற்றை வரிசையில் நட்டால் பூந்தூளைக் காற்று வெளியே கொண்டுபோய்விடும்.”

“முன்பே சொல்லியிருக்கலாமே, அப்பா?”

“இது உங்கள் இடம் அல்லவா?” என்றார், சினமின்றி. அதற்குமேல் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தையில் கொல்லையை அவரிடமே விட்டோம். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி. ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு செடியாக ஒரே சதுரத்தில் நட்டார். கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது, உச்சிப்பூவின் தூள் அதில் படாவிடில் அந்த மணி இல்லை என்று பேரனுக்கு விளக்கினார். 2018-இல் நம் நாட்டில் தலைகாட்டிய படைப்புழுவிடம் தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. நாள்தோறும் குருத்தைப் பிரித்துப் பார்த்து, மரத்தூள் போன்ற எச்சம் கண்டால் புழுவைத் தேடி நசுக்குவார். அடி பருத்த முலாம்பூவில் ஆண்பூவைத் தொட்டுவைக்கும் காலை வேலை மட்டும் பேரனுக்கு. தாத்தாவின் விரல்கள் நடுங்குகின்றன. பிஞ்சுகளுக்குப் பழைய வேட்டித் துணியால் உறை கட்டினார்.

இழைகள் கருகி, மணியை நகத்தால் கீறினால் பால் வடிந்த அன்று, “முதலில் உலையை வை, அம்மா” என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் கதிர் ஒடிக்கப் போனார். ஒடித்த நேரம் முதல் இனிப்பு குறைந்து மாவாகிக்கொண்டே போகுமாம். கதிர்களில் அடிமுதல் நுனிவரை மணிகள் நெருங்கி நின்றன. பல் இல்லாத அவருக்கு மட்டும் மணிகளைத் துருவிப் பால் பிழிந்து காய்ச்சிக் கொடுத்தோம். ஒரு குவளை குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டார்.

மறுநாள் நாங்கள் எழுந்து பார்க்கையில், மல்லிகைக்கென்று நாங்கள் ஒதுக்கியிருந்த தெற்கு மூலையை, எவரையும் கேளாமல் பாதிக்குமேல் கொத்தி முடித்திருந்தார்.