இருபத்தொன்றாம் அதிகாரம்

சாம்பல் புதன்

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த லெந்து முழுக்க உனக்காக உபவாசம் இருக்கப்போறேன் பிள்ளே. கர்த்தர் உங்க ரெண்டு பேரையும் சேத்து வைப்பாரு." விவாகரத்துத் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. என் கணவராயிருந்தவர் வேறு கல்யாணமும் செய்துகொண்டார். "சரிக்கா" என்று மட்டும் சொன்னேன். அன்பாகச் செய்கிற ஜெபத்தை எப்படி வேண்டாமென்பது?

வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆத்திரம் வந்தது. எனக்காக வேண்டிக்கொள்ள வேறெதுவுமே இல்லையா? பையனின் இளைப்பு இருக்கிறது, ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது, ஜூனில் ஏறப்போகிற வாடகை இருக்கிறது.

இரண்டாம் வெள்ளி

ஆதியாகமத்தில் ஆகாரின் கதை இரண்டு இடங்களில் வருகிறது. இத்தனை வருஷமாக அதை ஒரே கதையாகத்தான் வாசித்திருக்கிறேன். 16-ஆம் அதிகாரத்தில் கர்ப்பிணியான அவள் எஜமானி சாராயின் கொடுமை தாங்காமல் ஓடுகிறாள். திரும்பிப் போய் அடங்கியிரு என்கிறான் தூதன். எனக்குப் புத்தி சொன்ன ஐயரும் பெரியவர்களும் கையில் வைத்திருந்தது இந்த அதிகாரம்தான். நானும் திரும்பிப் போனேன். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

21-இல் அவளாக ஓடவில்லை. அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து, பிள்ளையின் தகப்பன் ஆபிரகாமே அனுப்பிவிடுகிறான். பெயெர்செபா வனாந்தரத்தில் தண்ணீர் தீர்கிறது. பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல் அவனைச் செடியின் கீழ் விட்டுவிட்டு, அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். (அழுதவள் அவள், தேவன் கேட்டதோ பிள்ளையின் சத்தம் என்று எழுதியிருக்கிறது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.) இந்தமுறை யாரும் அவளைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. பிள்ளையை எழுப்பிப் பிடித்துக்கொள் என்பதுதான் கட்டளை. அப்புறம் அவள் கண் திறக்கிறது, கிணறு தெரிகிறது. புதிதாக ஊற்று கிளம்பியதாக எழுதவில்லை.

கல்யாணத்தோடு பீரோவுக்குள் போன பி.எட். சான்றிதழை வெளியே எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. இன்று மாதம் பிறந்தால் அரிசி வருவது அதில்தான்.

நான்காம் ஞாயிறு

பையனை பாப்பாத்தியம்மாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பாளையங்கோட்டையிலேயே இருந்துகொண்டு அவன் அதைப் பார்த்ததில்லை. கிளாரிந்தாவின் கதையைச் சொன்னேன். பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தாள் என்பதற்காக ஷ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபிறகு, 1778-இல்தான் கொடுத்தார். அவள் முயற்சியில் எழுந்த கோயில் 1785-இல் பிரதிஷ்டையானது.

"அப்போ அந்தம்மா தனியாத்தான் இருந்தாங்களாம்மா?"

"சபை இருந்துச்சே."

"நம்ம மாதிரியா?"

நம்ம மாதிரியேதான் என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. சபையில் குடும்ப ஜெபம் என்றால் எங்கள் வீடு இன்னும் பட்டியலில் விட்டுப்போகிறது. "கிட்டத்தட்ட" என்றேன்.

பெரிய வியாழன்

அம்மா போனில் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னாள். புருஷன் வேறொருத்தியோடு இருந்தது ஊருக்கே தெரியும். ஆனால் 1869-ஆம் வருஷத்துச் சட்டப்படி விவாகரத்துக் கேட்கக் கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதுமாயிருந்தது. மனைவிக்கு அதோடு கொடுமையோ கைவிட்டதோ சேரவேண்டியிருந்தது. 2001-இல் திருத்தினார்கள். பெரியம்மா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டாள், கடைசிவரை தாலியைக் கழற்றாமல். அவளும் தினமும் முழங்காலில் நின்றவள்தான். அவள் விசுவாசம் குறைந்தது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவளுக்கு 21-ஆம் அதிகாரத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை, அவ்வளவே.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம்

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மே மாதச் செய்தி கொடுக்க ஐயரம்மா என்னைக் கேட்டார்கள். ஆகாரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன்.

"16-ஐயும் சேத்துப் பேசும்மா, ஒரு பக்கமா ஆயிரக்கூடாது."

"ரெண்டையும்தான் பேசப்போறேன்" என்றேன். உபவாசமிருந்த அக்கா முன்வரிசையில்தான் உட்காருவார். அவருக்கு முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும், பையனின் இளைப்புக்காக ஜெபிக்கச் சொல்லி.