உங்கட ஊட்டு ரவுட்டரில தொடங்குங்க



ஏ.எல். மாணவன் ஒருவன் இஎஸ்பி போர்டு ஒன்றோடு வந்தான். "சேர், இதால பக்கத்து ஊட்டு வைஃபைய உடைக்க ஏலுமா?"

நான் ஏசவில்லை. "முதல்ல உங்கட ஊட்டு ரவுட்டரச் சோதிச்சுப் பாருங்க" என்றேன்.

மறுநாள் முகம் வாடி வந்தான். "யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வாங்கின நாள்ல இருந்து மாத்தவே இல்ல சேர்."

2016இல் மிராய் மால்வேர் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இப்படி மாற்றாத பாஸ்வேர்டுகளால்தான். கற்பிட்டியில் கேமரா பூட்டிய கடைக்காரர்களும் கவனியுங்கள்.

அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்பது சூரா அந்நூர் தரும் பாடம். வைஃபையும் வீடுதான். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றி நுழைந்தால் 5 வருடம் வரை சிறை.

பெற்றோரே, போர்டைப் பறிக்காதீர்கள். இஷாவுக்குப் பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்.