ஒளி கொண்டுவந்த சேதி

ஆண்டில் இரண்டு மாலைப் பொழுதுகளில் நாம் தவறாமல் வானத்தை நோக்குகிறோம். ரமலான் பிறையைத் தேடி ஒரு நாள். பெருநாள் பிறையைத் தேடி இன்னொரு நாள். பிறை தென்பட்டதும் மகிழ்ச்சியோடு கீழே இறங்கிவிடுகிறோம். மற்ற இரவுகளில் எத்தனை முறை நிமிர்ந்து பார்த்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அப்படி இறங்கிவிடுபவள் அல்லள். இஷாவுக்குப் பின்னும் மொட்டை மாடியில் நிற்பாள். "உம்மா, மனிதன் கால் வைத்தது சந்திரனில் மட்டும்தானே? நட்சத்திரங்களைப் பற்றி இவ்வளவு சொல்கிறார்களே, அங்கே போகாமல் எப்படி அறிந்தார்கள்?" என்று ஒருநாள் கேட்டாள். அவ்வினாவுக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

விடை ஒரே சொல்லில் அடங்கும்: ஒளி. நாம் விண்ணுக்குச் செல்வது அரிது; விண்ணின் ஒளியோ ஒவ்வோர் இரவும் நம்மைத் தேடி வருகிறது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகப் பலர் நம்பியிருந்த காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காட்சி உண்டாகிறது என்று 11ஆம் நூற்றாண்டில் விளக்கி எழுதினார், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம்.

சூரிய ஒளி நம்மை அடைய எட்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகிறது. சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள நட்சத்திரத்தின் ஒளிக்கோ நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஆகவே வானத்தைப் பார்ப்பவர் கடந்த காலத்தையே பார்க்கிறார் எனலாம்.

கி.பி. 964ஆம் ஆண்டளவில் பாரசீக வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, நட்சத்திரங்கள் பற்றிய தம் நூலில், சிறு மேகம் போன்ற மங்கலான ஓர் ஒளியைக் குறித்து வைத்தார். வெறுங்கண்ணும் பொறுமையுமே அவருடைய கருவிகள். 1609இல் கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பினார். மறு ஆண்டே வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரன்களைக் கண்டார். 1923இல் அமெரிக்காவின் எட்வின் ஹப்பிள், அஸ்ஸூஃபி குறித்த அதே மேகத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டு, அதன் தொலைவைக் கணக்கிட்டார். கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிய வேறொரு மண்டலம் அது என்பது அதனால் உறுதியாயிற்று. ஆண்ட்ரோமீடா எனப்படும் அம்மண்டலத்தின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்தால் வானவில் போல நிறங்கள் விரியும். ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நம் நாட்டின் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் ஆராய்ந்தார். அவ்வாண்டு அறிஞர்கள் செய்த சூரிய ஆய்வுகளில், அதுவரை அறியப்பட்ட எத்தனிமத்துக்கும் பொருந்தாத மஞ்சள் கோடு ஒன்று புலப்பட்டது. அதற்கு ஹீலியம் எனப் பெயரிட்டனர். பூமியில் அது பிடிபட்டதோ 1895இல்தான்!

நம்மைக் காக்கும் காற்று மண்டலம், விண்ணிலிருந்து வரும் கதிர்களில் பலவற்றைத் தடுத்துவிடுகிறது. அதனாலேயே 1990இல் ஹப்பிள் தொலைநோக்கியையும் 2021இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியையும் விண்ணுக்கே அனுப்பினர். நம் நாடும் சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 கலத்தை 2023 செப்டம்பர் 2 அன்று ஏவியது. பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் அதற்குரிய இடத்தை அது 2024 ஜனவரி 6 அன்று அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்னும் பெண்மணி என்பதை அறிவீர்களா?

இதை நான் எடுத்துரைக்கக் காரணம் உண்டு. வெளியூர்க் கல்லூரியில் இயற்பியல் படிக்க வேண்டுமென்பது என் மகளின் ஆசை. "பெண் பிள்ளைக்கு நட்சத்திரக் கணக்கு எதற்கு?" என்றனர் உறவினர் சிலர். அவள் வாப்பாவும் தயங்கினார்கள். செங்கோட்டைச் சகோதரியைப் பற்றிய செய்தியை அவர்களுக்கு நான் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று விசாரி" என்றார்கள்.

உங்கள் இல்லத்திலும் வானத்தை நோக்கி வினா எழுப்பும் பிள்ளை இருக்கக்கூடும். தை மாத முன்னிரவில் கார்த்திகைக் கூட்டத்தையும், அதனைத் தொடர்ந்து வரும் செந்நிற நட்சத்திரத்தையும் அப்பிள்ளைக்குக் காட்டுங்கள். தமிழில் அது ரோகிணி. உலகோர் அதை அல்டிபரான் என்கின்றனர். பின்தொடர்வது என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளாயிருந்த நாளில் புறப்பட்ட ஒளி, இன்று உங்கள் பிள்ளையின் கண்ணை எட்டுகிறது. அதை வரவேற்க அவர்களை மாடிக்கு அனுப்புங்கள்.