நம்பலாமா, வேண்டாமா?

"இன்னுமா அந்த டீமை நம்பிக்கிட்டு இருக்கே?" ஹாஸ்டலில் என்னை இப்படிக் கேட்காத ஆளே இல்லை. என்ன செய்ய, மான்செஸ்டர் யுனைடெட் சின்ன வயசுலேயே பிடிச்ச பைத்தியம்!

என் கோபம் ஆட்டக்காரர்கள் மேல் இல்லைங்க, முதலாளிகள் மேல். 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் கிளப்பை வாங்கியது. அந்தக் கடனில் பெரும்பகுதியை கிளப் தலையிலேயே கட்டியது. நம்ம தலையிலேயே மிளகாய் அரைக்கறதுன்னா இதுதான்! வெறுத்துப்போன சில ரசிகர்கள் அதே வருடம் எஃப்.சி. யுனைடெட் என்று தனி கிளப்பே தொடங்கிவிட்டார்கள். பெர்குசன் இருந்தவரை கோப்பைகள் எல்லாவற்றையும் மறைத்தன. 2013-ல் அவர் போனார், லீக் பட்டமும் கூடவே போனது.

2024-ல் ஜிம் ராட்கிளிஃப் கால்பங்குக்கு மேல் வாங்கி கால்பந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். அவரும் சிறுவயது முதல் யுனைடெட் ரசிகராம். சரி, விடிவு வந்தாச்சு என்று நினைத்தேன். அதே வருடம் ஊழியர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சீசன் நடுவில், மிச்சமிருந்த டிக்கெட்டுகளின் விலையை 66 பவுண்டாக்கினார்கள், சிறுவர்களுக்கும் சலுகை கிடையாது. 2025-ல் லீக்கில் 15-வது இடம். அதே வருடம் ஒரு லட்சம் பேர் உட்காரும் புது மைதானம் என்று அறிவிப்பு. யார் காசில் சாமி?

ஆனால் 2024 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை மறக்க முடியவில்லை. சிட்டியை 2-1 என்று வென்றோம். கோல் அடித்த கர்னாச்சோ, மெய்னூ இருவருக்கும் 19 வயது. இருவரும் நம் இளையோர் அணியிலிருந்து வந்தவர்கள். கர்னாச்சோவை மறுவருடமே விற்றுவிட்டார்கள் என்பது வேறு கதை...

முதலாளிகளை நம்பவில்லை. பசங்களை நம்புகிறேன். அவ்வளவுதான் என் கணக்கு.