கையில் இருந்த கடிதம்

தூத்துக்குடியிலிருந்து மைசூர் செல்லும் விரைவு ரயிலில், கோவில்பட்டியிலும் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் புதுப்பெட்டியோடு ஏறும் பட்டதாரிகளைக் காணலாம். அவர்களுள் சிலர் மைசூர் ஹெப்பாளில் உள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்திற்குச் செல்பவர்கள். மெக்கானிக்கல் படித்தவரோ சிவில் படித்தவரோ, அங்கே கற்பது ஜாவா, பைத்தான், தரவுத்தளம். நான்காண்டு படித்த துறை அத்தோடு பின்னுக்குப் போய்விடும்.

2025 பிப்ரவரித் தொடக்கத்தில் அவ்வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். எழுநூறு பேர் என்றது ஊழியர் சங்கம். மூன்று வாய்ப்புகளுக்குள் உள்மதிப்பீட்டுத் தேர்வில் தேறாதவர் தொடர இயலாது என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு என்றது நிறுவனம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கர்நாடக அரசை விசாரிக்கச் சொன்னது. மூன்று முறை எழுதியும் தேறாதவருக்கு எதற்குப் பரிவு என்று கேட்டவர்களும் உண்டு.

அக்கேள்வியில் விடுபட்டுப்போவது நாள்கணக்கு. வெளியேறியவர்களில் பலர் 2022இல் பட்டம் பெற்றவர்கள். பணி நியமனக் கடிதம் அப்போதே வந்துவிட்டது. சேரும் நாள் வந்தது 2024 அக்டோபரில். ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்பது பல கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவின் விதி. கடிதம் பெற்றவர் அடுத்து வரும் நிறுவனத்தின் நேர்காணலில் உட்கார இயலாது. படித்து முடித்த பின்னரும் அக்கடிதமே தடையாக நிற்கும். மேற்படிப்புக்குக் கடன் வாங்கத் தயக்கம், கோவைத் தொழிற்கூடங்களில் சிறு சம்பளத்துக்குச் சேர மனமின்மை, டி.என்.பி.எஸ்.சி.க்கும் அரைமனத்தோடு படிப்பு. உறவினர் எல்லோரிடமும், "இன்ஃபோசிஸ்ல கெடச்சிருக்கு" என்று அம்மா சொல்லியாகிவிட்டது. அடுத்த மாதம் அழைப்பு வரும், அடுத்த மாதம் வரும் என்றே இரண்டாண்டுக்கும் மேல் கழிந்தது. கேட் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஆயுள் மூன்றாண்டு. 2022இல் நல்ல மதிப்பெண் பெற்று, எம்.டெக். சேராமல் காத்திருந்தவருக்கு அது 2025 மார்ச்சில் காலாவதி.

இதே மைசூரில், என்.ஐ.இ. பொறியியல் கல்லூரியில் 1967இல் மின்பொறியியல் பட்டம் பெற்றவர் நாராயண மூர்த்தி. ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும், பள்ளி ஆசிரியரான தந்தையால் செலவைத் தாங்க இயலாததால் இங்கே படித்தவர். பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் முதுநிலை முடித்தபோது, கூடுதல் ஊதியம் தர முன்வந்த வேலைகளை விட்டுவிட்டு, கற்பதற்கு மிகுதியாக இருக்கிறது என்று அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் கணினிப் பணியில் குறைந்த ஊதியத்துக்குச் சேர்ந்தார். அவர் முதலில் தொடங்கிய சாஃப்ட்ரானிக்ஸ் நிலைக்கவில்லை. பட்னி நிறுவனத்தில் வேலைக்குப் போனார். 1981இல் அறுவரோடு சேர்ந்து இன்ஃபோசிஸைத் தொடங்கினார். பட்டமளிப்பு விழாக்களில் துணிச்சலுக்குச் சான்றாக இக்கதை சொல்லப்படுகிறது. ஒரே சமயத்தில் பல கடிதங்கள் கையில் இருந்ததால்தான் குறைந்த ஊதியத்தைத் தேர்ந்தெடுக்க அவரால் முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. 2022இல் பட்டம் பெற்றவரிடம் இருந்தது ஒரே கடிதம். அதிலும் தேதி இல்லை.

வெளியேற்றப்பட்ட அந்தப் பிப்ரவரியின் முதல் இரண்டு நாள்களிலும், பின்னர் 15, 16 ஆகிய நாள்களிலும் 2025ஆம் ஆண்டுக்கான கேட் தேர்வு நடந்தது. அதற்கான விண்ணப்பம் முந்தைய அக்டோபரில், அவர்கள் வளாகத்துக்குள் நுழைந்த அதே மாதத்தில், முடிந்துபோயிருந்தது.