கயல்விழி



வத்திராயிருப்புப் பக்கம் நான் ஊழியம் செய்த நாட்களில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாயிருந்த ஒரு பெண்ணின் தகப்பனார் என்னைக் காண வந்தார். மகளின் பெயர் கயல்விழி. "ஐயா, இது மதுரை மீனாட்சியின் பெயர் அல்லவா? வேறு பெயர் சூட்டிவிடலாமே" என்றார். நான் சற்றும் யோசியாமல், "அப்படியே செய்வோம்" என்றேன். அந்தப் பெண் தலை கவிழ்ந்து நின்றாள். அது அவளுடைய தாயார் வைத்த பெயர் என்பதையும், தாயார் உயிரோடில்லை என்பதையும் பிறகே அறிந்தேன்.

அது பங்குனி மாதம். பிளவக்கல் அணைத் தண்ணீரால் நிறைந்திருந்த கண்மாய் வற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் கரையோரம் நடந்தபோது வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். விரால், கெளுத்தி, கெண்டை என்று கூவினார்களே தவிர, கயல் என்று ஒருவரும் சொல்லவில்லை. அகராதியோ கயல் என்பது கெண்டையே என்கிறது. சந்தைக்குக் கெண்டை, செய்யுளுக்குக் கயல்! புரளும் வேகத்தையும் மினுக்கத்தையும் கண்டு, புலவர்கள் அதைக் கண்ணுக்கு உவமையாக்கினார்கள். கரையில் கிடந்த கெண்டைகளை நான் குனிந்து பார்த்தேன். அவற்றுக்கு இமையே இல்லை. இமையாமல் நோக்கியே மீன் தன் முட்டையைப் பொரிக்கும் என்றொரு பழைய நம்பிக்கையும் உண்டு. தாய் ஒருத்தி தன் மகளுக்கு இப்பெயரைத் தேர்ந்துகொண்டதில் வியப்பென்ன? கண்ணயராத காவலைப் பாடும் 121ஆம் சங்கீதத்தை எத்தனை வீடுகளில் வாசித்திருக்கிறேன்! அந்தப் பெயரின் பொருளை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை.

தகப்பனாரின் தயக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. மதுரைத் தேவிக்கு அங்கயற்கண்ணி என்ற பெயர் உண்டு. ஆனால் கயல் பாண்டியர் கொடியிலும் காசிலும் இருந்தது. ஏழையின் சட்டியிலும் இருந்தது. அது ஒருவருக்கே உரிய சொல்லன்று. ஆதித் திருச்சபையார் ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் தீட்டிய அடையாளமும் மீன்தானே? மீனைக் குறிக்கும் 'இக்துஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துகளை, இயேசு, கிறிஸ்து, தேவனுடைய, குமாரன், இரட்சகர் என்னும் ஐந்து சொற்களின் முதலெழுத்துகளாக அவர்கள் வாசித்தார்கள். அதுவும் கடைத்தெருவில் புழங்கிய சொல்தான். கிரேக்கரின் தெய்வம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அப்பொல்லோவும் அதே பெயரோடுதான் பிரசங்கித்தார். பவுல் அதை மாற்றச் சொன்னதாக வேதத்தில் எங்கும் இல்லை.

சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். இவற்றையெல்லாம் தகப்பனாரிடம் விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, "உங்களுக்குச் சரியென்றால் சரி ஐயா" என்றார். நான் பெண்ணிடம் திரும்பி, "உன் விருப்பம் என்னம்மா?" என்றேன்.

"முதல் நாளே என்னைக் கேட்டிருக்கலாம் ஐயா" என்றாள்.

மறுநாள் பதிவேட்டில் அவள் பெயரை எழுதும்போது என் கை சற்று நடுங்கியது.